.32 ரிவால்வரா, .32 பிஸ்டலா: நெல்லைச் சீமையில் எது பொருந்தும்?

கைத்துப்பாக்கி உரிமம் கிடைத்தவர் கடைக்குப் போகும் முன் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சிலிண்டர் சுழலும் பழைய பாணி ரிவால்வரை எடுப்பதா, மேகசின் (தோட்டாக்களை அடுக்கிப் பிடியில் செருகும் பெட்டி) போடும் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலை எடுப்பதா? திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் இதைக் கேட்கிறவர்களில் பலர் வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துப் பாதி முடிவை எடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். அந்தக் காணொளிகளில் வருவது பெரும்பாலும் 9 மி.மீ. பிஸ்டல். இங்கே அது தடைசெய்யப்பட்ட காலிபர் (குழலின் உள்விட்ட அளவு; .32 போன்றவை அங்குலத்தில் சொல்வது). கலெக்டரோ மாநகரப் போலீஸ் கமிஷனரோ கொடுக்கும் சாதாரண உரிமத்தில் அதை வாங்க முடியாது. .38, .455 ரிவால்வர்களும் அதே பட்டியலில்தான் வருகின்றன. நடைமுறையில் மிஞ்சுவது பெரும்பாலும் .32-ம் .22-ம். ஆகவே பதினைந்து தோட்டா மேகசின் பற்றிய பேச்சையெல்லாம் ஒதுக்கிவிட்டு, .32-க்குள் என்ன வித்தியாசம் என்று பார்ப்பதே நமக்குப் பயன்படும்.

புதிதாகக் கிடைப்பவற்றில் பெரும்பங்கு அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்புகள். ரிவால்வர் பக்கம் கான்பூர் தயாரிப்புகள் முக்கியமானவை. 2014-ல் வந்த ‘நிர்பீக்’ டைட்டானியம் கலவையில் செய்தது. 6 தோட்டா பிடிக்கும், எடை சுமார் 500 கிராம். 2023 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த ‘பிரபல்’ சுமார் 700 கிராம்; குழல் 76 மி.மீ. எடையைவிட முக்கியமான வேறுபாடு இரண்டும் திறக்கும் விதத்தில் இருக்கிறது. நிர்பீக் பழைய வெப்லி போல நடுவில் மடிந்து திறக்கும். பிரபலில் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே சாயும். பிஸ்டல் பக்கம் அரசுத் தயாரிப்பான ‘அஷானி’ பரவலாகத் தெரிந்த பெயர். வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளைத் தனி ஆட்கள் வரவழைப்பது 1980-களின் நடுவிலேயே ஏறத்தாழ நின்றுவிட்டது. அதனால் வெளிநாட்டில் செய்த வெப்லி, கோல்ட், வால்தர் என்று சந்தையில் வருபவை பழைய உரிமதாரர்களிடமிருந்து கைமாறுபவை. அவற்றுக்குக் கேட்கும் பணத்தில் பெரும்பகுதி அபூர்வத்துக்கான விலை, தரத்துக்கானது அல்ல.

எது பலமானது என்ற வாதத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பிஸ்டலுக்கான .32 தோட்டா, அதாவது 7.65 மி.மீ. பிரவுனிங், 71 கிரெயின் (ஏறக்குறைய 4.6 கிராம்) குண்டை வினாடிக்கு ஏறக்குறைய 275 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. ரிவால்வரின் .32 நீளத் தோட்டா 98 கிரெயின் ஈயக் குண்டைச் சுமார் 215 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. கணக்குப் போட்டால் இரண்டின் ஆற்றலும் 145-க்கும் 175-க்கும் இடைப்பட்ட ஜூல். குழல் குட்டையானால் இரண்டிலும் குறையும். இந்த வித்தியாசத்துக்காக ஒன்றை விட்டு ஒன்றை எடுப்பதில் அர்த்தமில்லை.

பிஸ்டல் புதுசு, ரிவால்வர் பழசு என்ற எண்ணமும் அவ்வளவு சரியல்ல. ரிவால்வர் தோட்டா 1896-ல் வந்தது, பிஸ்டல் தோட்டா 1899-ல் வந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் செங்கோட்டை வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் ஆட்டோமேட்டிக் பிஸ்டலால்தான். இந்தச் சீமைக்கு இரண்டுமே நூறாண்டு தாண்டிய அறிமுகம்.

காலி செய்வதில்தான் விஷயம் இருக்கிறது

ஓர் உரிமதாரரின் துப்பாக்கி சுடப்படுவதைவிடக் காலி செய்யப்படுவதே அதிகம். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று தேர்தல் அறிவிப்பு வரும்போது ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். உரிமத்தைப் புதுப்பிக்கும்போது எடுத்துப்போய்க் காட்ட வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அது 5 ஆண்டுக்கு ஒரு முறை. நீண்ட நாள் வெளியூர் போகிறவர் உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் வைத்துவிட்டுப் போவார். துடைத்து எண்ணெய் போடுவது வேறு. ஒவ்வொரு முறையும் தோட்டாவை எடுத்து, காலி என்று உறுதி செய்து, இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும். வீட்டுத் துப்பாக்கி விபத்துகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ‘காலி என்று நினைத்தேன்’ என்பது. இரண்டு வகையையும் முதலில் இந்த இடத்தில் வைத்துத்தான் எடை போட வேண்டும்.

ரிவால்வரில் வேலை எளிது. குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, விரலை டிரிக்கருக்கு வெளியே வைத்துச் சிலிண்டரைத் திறந்தால் ஆறு அறைகளும் ஒரே பார்வையில் தெரியும். பக்கவாட்டு வகையில் குழலை மேல்நோக்கிப் பிடித்து தோட்டாக்களை வெளியே தள்ளும் எஜெக்டர் கம்பியை உள்ளங்கையால் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். மெல்ல அழுத்தினால் ஒரு கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) நழுவி, கேஸ்களைத் தூக்கும் நட்சத்திரத் தகட்டின் அடியில் போய் மாட்டிக்கொள்ளும். அதன் பிறகு சிலிண்டர் மூடவும் மூடாது, தகடு முழுக்க எழும்பவும் செய்யாது. மடிந்து திறக்கும் வகையில் திறப்பதும் தள்ளுவதும் ஒரே அசைவு. அங்கும் தயங்கித் தயங்கித் திறந்தால் இதே சிக்கல்தான். தோட்டாக்கள் விழுந்த பிறகு அறைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஆறு வட்டங்களிலும் வெளிச்சம் தெரிய வேண்டும். பக்கத்தில் நிற்கிற காவலரும் அதைப் பார்த்துக்கொள்ளலாம். யாருக்கும் சந்தேகம் மிஞ்சாது.

பிஸ்டலில் மூன்று வேலை. மூன்றுக்கும் வரிசை உண்டு. முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். இரண்டாவது, ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்பின் ஓடும் பாகம்) முழுக்கப் பின்னால் இழுத்து, குழலின் பின்முனை அறையான சேம்பரில் இருக்கும் தோட்டாவை வெளியே தள்ள வேண்டும். மூன்றாவது, ஸ்லைடைப் பின்னாலேயே நிறுத்திச் சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரல் நுனியால் தொட்டும் பார்க்க வேண்டும். முதல் இரண்டும் இடம் மாறினால் என்ன ஆகும்? ஸ்லைடை இழுக்கும்போது ஒரு தோட்டா வெளியே விழும், மனம் நிம்மதியாகும். ஆனால் திரும்பி வரும் ஸ்லைடு மேகசினிலிருந்து அடுத்ததைச் சேம்பரில் ஏற்றிவிட்டிருக்கும். அதன் பிறகு மேகசினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ‘காலி’ என்று சொல்கிற ஆளிடம் இருப்பது நிரம்பிய துப்பாக்கி. மேகசின் இல்லாவிட்டால் சுடாதபடி தடுக்கும் அமைப்பு எல்லா மாடலிலும் கிடையாது. பழைய பாணி .32 பிஸ்டல்கள் சிலவற்றில் கடைசித் தோட்டாவுக்குப் பின் ஸ்லைடு தானாகப் பின்னால் நிற்பதும் இல்லை. அப்போது இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

மாதம் இரண்டு முறையாவது ரைபிள் கிளப்பில் பழகுகிறவருக்கு இந்த வரிசை கையோடு ஊறிவிடும். தேர்தலுக்குத் தேர்தல் மட்டும் பெட்டியைத் திறக்கிறவருக்கு அது நினைவில் நிற்காது.

சுடாமல் நின்றால்

தோட்டா வெடிக்காமல் போனால் ரிவால்வரில் டிரிக்கரை மறுபடி இழுத்தால் அடுத்த அறை வந்துவிடும். பிஸ்டலில் ஸ்லைடை இழுத்துக் கெட்ட தோட்டாவை வெளியேற்ற வேண்டும். இரண்டு கையும் வேண்டும். இந்த ஒன்றில் ரிவால்வர் மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பயிற்சிக் களத்தில் இரண்டுக்கும் ஒரே விதிதான். ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வந்தால் குழலை இலக்கின் பக்கமே வைத்து 30 வினாடி பொறுத்திருக்க வேண்டும், தோட்டா தாமதமாக வெடிக்கலாம். ரிவால்வரில் அதற்குள் சிலிண்டரைச் சுழற்றிவிட்டால், குழலுக்கு நேரில் இல்லாத அறையில் அது வெடிக்கக்கூடும்.

இன்னொரு ஆபத்து பழைய இருப்புத் தோட்டாக்களால் வருவது. மருந்து நமுத்திருந்தால் சத்தம் குறைவாக ‘புஸ்’ என்று கேட்கும், குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். பிஸ்டலில் அவ்வளவு பலவீனமான தோட்டா ஸ்லைடை முழுக்கத் தள்ளாது; வேலை தானாக நின்றுவிடுவதே ஓர் எச்சரிக்கை. ரிவால்வர் அப்படி நிற்காது. எதுவும் நடக்காதது போல அடுத்த அறையைக் கொண்டுவந்து கொடுக்கும். சிக்கல் இல்லாதது என்று பெயரெடுத்த கருவி இந்த ஓர் இடத்தில் கூடுதல் கவனம் கேட்கிறது.

.32 பிஸ்டலுக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. அதன் தோட்டாவின் அடிவிளிம்பு கேஸைவிடச் சற்றே அகலம். மேகசினில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டால், ஸ்லைடு தள்ளும்போது இரண்டும் ஒன்றையொன்று கொக்கி போட்டு இறுகும். ஸ்லைடை இழுத்து விட்டால் சரியாகாது. மேகசினைக் கழற்றிக் கீழ்த் தோட்டாவை அழுத்தி விடுவிக்க வேண்டும். போடும்போதே ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் கீழிருப்பதற்கு முன்னால் இருக்கும்படி அடுக்குவதும், மேகசின் வாயின் உதடுகள் வளைந்திருக்கிறதா என்று பார்ப்பதும்தான் தடுப்பு. பிஸ்டல் கோளாறுகளில் பெரும்பகுதி மேகசினில்தான் பிறக்கிறது. ஆகவே இரண்டாவது மேகசின் இல்லாமல் பிஸ்டல் வாங்கக் கூடாது.

ரிவால்வரின் கோளாறுகள் குறைவு; ஆனால் வந்தால் வீட்டில் தீராது. நட்சத்திரத் தகட்டின் அடியில் எரியாத மருந்துத் துகள் சேர்ந்தால் சிலிண்டர் இறுகும். இது பிரஷால் தட்டினால் போய்விடும். சிலிண்டரைச் சுழற்றும் பல் தேய்ந்து அறை குழலுக்கு நேராக வராமல் போனால், குண்டு ஓரம் சிராய்ந்து ஈயச் சீவல் பக்கவாட்டில் தெறிக்கும். அதற்கு உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதாளர்தான் வேண்டும்.

கையின் பலம்

சுத்தியலை (தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் பாகம்) பின்னிழுக்காமல் ரிவால்வரைச் சுட டிரிக்கரை 5 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கும். கடினமான மாடல்களில் அதற்கும் மேல். குறி கீழே இறங்குவது இதனால்தான். சுத்தியலைக் கட்டை விரலால் பின்னிழுத்து வைத்தால் பாதிக்கும் குறைவு. பிஸ்டலில் பெரும்பாலும் டிரிக்கர் லேசாகவே இருக்கும், அதனால் 10 மீட்டரில் புதியவரின் குண்டுகள் ஒன்றுக்கொன்று நெருங்கி விழும்.

பிஸ்டலின் பாரம் வேறிடத்தில் இருக்கிறது. .32 பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றில் குழலையும் ஸ்லைடையும் பூட்டும் அமைப்பு கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும்தான் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குகின்றன. அதனால் சின்னப் பிஸ்டலில் ஸ்பிரிங் கடுமையாக இருக்கும். மூட்டுவலி உள்ள 65 வயதுக்காரர் அதை முழுக்க இழுக்க முடியாமல் பாதியில் விடுவார். பாதியில் விட்டால் தோட்டா சரிவர ஏறாது, வெளியேறவும் செய்யாது. வாங்கும் முன் கடையிலேயே பத்துத் தடவை இழுத்துப் பார்த்துவிட வேண்டும். ரிவால்வர் பிடிக்கிறவர் இடது கை விரல் சிலிண்டரின் முன்பக்கம் போகாமல் பழக வேண்டும். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள மயிரிழை இடைவெளி வழியே சுடுவாயு பாய்ந்து தோலைக் கிழிக்கும். பிஸ்டலில் கட்டை விரல் ஸ்லைடுக்குப் பின்னால் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேரி மணல், கடல் காற்று, வெள்ளம்

திசையன்விளை, உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டுச் செம்மண் துகள் காற்றுக் காலத்தில் அலமாரிக்குள்ளும் வரும். உவரி, திருச்செந்தூர் கரையில் உப்புக் காற்று. குற்றாலம், தென்காசி பக்கம் ஜூன் முதல் சாரல் ஈரம். மூன்றுக்கும் மூன்று விதமான பதில் வேண்டும். தூசியைப் பொறுத்தவரை, எண்ணெய் அதிகம் போட்ட பிஸ்டல்தான் முதலில் கெடும். ஸ்லைடு ஓடும் தடத்தில் துகள் எண்ணெயோடு குழைந்து பசையாகும். துளி எண்ணெய் தொட்டுத் துணியால் துடைத்துவிடுவதே சரி. உப்புக் காற்றில் ரிவால்வருக்குத்தான் இழப்பு அதிகம், வெளியே தெரியும் பரப்பு அதிகம், சுத்தியலைச் சுற்றித் திறந்த இடுக்கும் உண்டு. வாரம் ஒரு முறை எண்ணெய்த் துணியால் துடைப்பது போதும்.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதையும் போடக் கூடாது. நாளடைவில் இவை பிசினாகி உறையும். தேங்காய் எண்ணெய் குளிர்காலத்தில் கட்டியே விடும், சுத்தியல் அடி பலவீனமாகித் தோட்டா வெடிக்காது. துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை. தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் வைப்பதும் கூடாது. தோல் ஈரம் பிடிக்கும். பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு ஏறும்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோரம் வண்ணாரப்பேட்டை, ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அப்படி முங்கிய துப்பாக்கியை எந்த வகையானாலும் சுட்டுப் பார்க்கக் கூடாது. காலி செய்து, நல்ல தண்ணீரில் சேற்றை அலசி, பிடியின் தகடுகளைக் கழற்றி, காய்ந்த துணியால் துடைத்து, நீரை விரட்டும் எண்ணெய் தெளிக்க வேண்டும். பிஸ்டலில் ஸ்லைடும் ஸ்பிரிங்கும் குழலும் கருவியில்லாமலே கழன்று வருவதால் இதில் பாதிக்கும் மேல் வீட்டிலேயே முடிந்துவிடும். ரிவால்வரின் உள்வேலைப்பாடு பக்கத் தகட்டுக்குள்ளே இருக்கிறது. அதை வீட்டில் திறந்தால் திருகின் தலை நசுங்கும், தகட்டின் ஓரம் பிதுங்கும். பழுதாளரிடம் போக வேண்டும், அதற்குள் துரு பிடிக்கும். நனைந்த தோட்டாக்களை வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது. குண்டு குழலில் நின்றுவிடும் கோளாறு இவற்றில்தான் வரும். போலீசுக்குத் தெரிவித்து ஒப்படைப்பதே வழி. மழைக்காலத்துக்கு முன் பெட்டியைத் தரைத்தளத்திலிருந்து மாடிக்கு ஏற்றிவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

தோட்டாவில் நடக்கும் குழப்பம்

இரண்டின் பெயரிலும் .32 இருப்பதால் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று எண்ணுகிறவர்கள் உண்டு. இல்லை. பிஸ்டல் கேஸ் 17 மி.மீ., ரிவால்வர் கேஸ் 23 மி.மீ.க்குச் சற்று மேல். பிஸ்டல் தோட்டா சில ரிவால்வர்களின் அறையில் உட்கார்ந்துவிடும், வெடிக்கவும் செய்யும். ஆனால் அதன் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 20,500 பவுண்டு. ரிவால்வர் தோட்டாவுக்கு 15,000. நடுவில் மடிந்து திறக்கும் பழைய ரிவால்வரின் தாழ்ப்பாளும் கீலும் அந்தக் கூடுதலைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. உரிமத்தில் ரிவால்வர் என்று எழுதியிருந்தால் ரிவால்வர் தோட்டாவே வாங்க வேண்டும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை வாசித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

எந்த வகையானாலும் இங்கே சிலருக்குத் தெரியாமல் போகும் சட்டம் இரண்டு. பாபநாசம் சோதனைச் சாவடி தாண்டினால் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர் உரிமத் துப்பாக்கியைக் காரில் வைத்துக்கொண்டு போனாலும் வனவிலங்குச் சட்டம் 31-ஆம் பிரிவின்படி குற்றம். எழுத்து மூலமான முன் அனுமதி வேண்டும். அடுத்தது, கொடைவிழாவிலோ கல்யாணத்திலோ மகிழ்ச்சிக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வாழைத் தோட்டத்துக்கு வரும் காட்டுப்பன்றிக்கென்று கைத்துப்பாக்கி வாங்க நினைப்பவர் அந்த எண்ணத்தையே விட வேண்டும். அதற்குச் சட்டமும் இடம் தராது, இந்தத் தோட்டாவும் காயப்பட்ட பன்றியை நிறுத்தாது.

யாருக்கு எது

எங்கள் கணிப்பு இது. தொடர்ந்து களத்தில் பழகுகிறவர், கை பலமுள்ளவர், காலி செய்யும் வரிசையை ஒருபோதும் மாற்றாதவர் பிஸ்டல் எடுக்கலாம். தட்டையாக இருக்கும், குறி சீக்கிரம் கைவரும், சுத்தம் செய்வது சுலபம். மற்றவர்களுக்கு, அதாவது இந்த மாவட்டங்களில் உரிமம் வைத்திருப்போரில் பெரும்பாலோருக்கு, ரிவால்வர். அதிலும் பக்கவாட்டில் சாயும் சிலிண்டர் உள்ளது. காரணம், அதன் நிலைமை கண்ணுக்குத் தெரியும், ஸ்டேஷன் மேஜை முன்னால் பதற்றத்தில் தவறு நடக்க வாய்ப்பு குறைவு. வருடத்தில் ஒரு நாள்கூடப் பழகப் போவதில்லை என்கிறவருக்கு இரண்டையும் பரிந்துரைக்க மாட்டோம்.

பழைய துப்பாக்கி வாங்குவோரும், அப்பா அல்லது தாத்தாவின் வெப்லி வாரிசு முறையில் வருகிறவர்களும் சில சோதனைகளைச் செய்ய வேண்டும். காலி என்று உறுதி செய்த பிறகு, ரிவால்வரின் சுத்தியலை மெதுவாகப் பின்னிழுக்க வேண்டும். சுத்தியல் முழுக்கப் பின்னால் போய் நிற்பதற்குள் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியே இதைப் பார்க்க வேண்டும். பின்னிழுத்த சுத்தியலைக் கட்டை விரலால் முன்னால் தள்ளினால் விழக் கூடாது. குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தால் கருமையான வளையம் தெரியக் கூடாது. அது முன்பு குண்டு சிக்கிய அடையாளம். மடிந்து திறப்பதில் மூடிய பிறகு கீலும் தாழ்ப்பாளும் ஆடக் கூடாது. பழைய ரிவால்வர்களில் கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் பாகம் இல்லாதவை உண்டு. அவற்றில் சுத்தியலுக்கு நேரான அறையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டாதான் போட வேண்டும்.

பிஸ்டலில் சேஃப்டியைப் போட்டு டிரிக்கரை இழுத்து, விரலை எடுத்த பிறகு சேஃப்டியை விடுவிக்க வேண்டும். அப்போது சுத்தியல் விழுந்தால் அந்தப் பிஸ்டல் வேண்டாம். மேகசின் அந்த மாடலுக்குரிய அசலா, இன்னொன்று கிடைக்குமா என்று கேட்க வேண்டும். பழைய வெளிநாட்டுப் பிஸ்டல்களில் பெரும்பாலும் பேரம் முறிவது இந்தக் கேள்வியில்தான். தேய்ந்த பாகத்தை லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்கக் கூடாது. துப்பாக்கி பழுது பார்ப்பதற்கே ஆயுதச் சட்டத்தில் தனி உரிமம் வேண்டும். பட்டறை இரும்பில் செய்த பல் பதப்படுத்தாமல் இருந்தால் கொஞ்சம் சுட்டதுமே மழுங்கி, சிலிண்டர் மறுபடி நேர் தவறும்.